முடிவுப் பட்டியலின் முதல் வரியோடு நிறுத்தாதீர்கள்

டெர்ம்பேஸில், அதாவது மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொல் தேடும் தரவுத்தளத்தில், ஒரு சொல்லைத் தட்டி என்டர் அழுத்தியதும் திரையில் வந்து நிற்பதை எத்தனை பேர் முழுசாகப் பார்க்கிறோம்? முதல் வரியில் தமிழ்ச் சொல் இருக்கிறதா, இருக்கிறது, காப்பி, பேஸ்ட், அடுத்த வாக்கியம். டெட்லைன் கழுத்தை நெரிக்கும்போது எல்லோரும் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம், இயந்திரத்தின் பாதுகாப்புக் குறிப்பு என்று ஆளின் உடம்பையும் உயிரையும் தொடுகிற ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்தப் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கலைச்சொல் மேலாண்மை மென்பொருளில் தேடினால் கிடைப்பது ஒரு பதிவு. நாம் தேடிப்போன சொல் அந்தப் பதிவுக்குள் ஒரு வரி, அவ்வளவுதான். மிச்ச வரிகளில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது எழுதியிருக்கும்.

அகராதியில் ஒரு சொல்லுக்குக் கீழே அதன் பொருள்கள் 1, 2, 3 என்று வரிசையாக நிற்கும். டெர்ம்பேஸில் அப்படியே தலைகீழ். ஒரு கருத்துக்கு ஒரு பதிவு. அந்தக் கருத்தைக் குறிக்கிற எல்லா மொழிச் சொற்களும், ஒரே மொழியில் புழங்கும் மாற்றுச் சொற்களும், சுருக்கங்களும், வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சொற்களும் எல்லாம் அந்த ஒரே பதிவுக்குள் இருக்கும். ஆஸ்திரியப் பொறியாளர் ஓய்கன் வூஸ்டர் தொழில்நுட்பச் சொற்களைத் தரப்படுத்துவது பற்றி 1931-இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய சிந்தனை இது. பிறகு பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 37-ஆம் தொழில்நுட்பக் குழு, 704-ஆம் எண் தரநிலை என்று வளர்ந்து, இன்று நாம் உலாவியில் திறக்கிற அத்தனை கலைச்சொல் மென்பொருள்களுக்கும் அதுதான் அடிப்படை. அதனால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பத்துப் பதிவுகள் வந்தால் மென்பொருள் குழம்பிப்போயிருக்கிறது என்று பொருள் இல்லை, பத்துக் கருத்துகள் இருக்கின்றன, உங்களுடையது எது என்று கேட்கிறது.

'டிஸ்சார்ஜ்' என்று ஒரு பெரிய தளத்தில் தேடிப் பாருங்கள். ஆற்றில் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு ஒரு பதிவு, பேட்டரியில் சார்ஜ் இறங்குவதற்கு இன்னொன்று, ஆலைக் கழிவுநீரைத் திறந்துவிடுவது, கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது, கடனாளியைக் கடனிலிருந்து விடுவிப்பது, படைவீரரைப் பணியிலிருந்து அனுப்புவது என்று வந்துகொண்டே இருக்கும். சரி, நமக்கு வேண்டியது மருத்துவம்தானே, துறை ஃபில்டரை மருத்துவத்தில் வைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்சார்ஜ், புண்ணிலிருந்து வடிகிற நீரும் சீழும் டிஸ்சார்ஜ், இரண்டுமே மருத்துவம். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் கொடுக்கும் தாளில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் வரும். வீட்டுக்குப் போன முதல் வாரம் என்ன செய்ய வேண்டும் என்று மேலே இருக்கும், தையல் போட்ட இடத்தில் ஏதாவது வடிந்தால் உடனே அழையுங்கள் என்று கீழே இருக்கும். இங்கே ஃபில்டர் பாதி தூரம்தான் கூட வரும். பதிவைத் திறந்து வரையறையைப் படித்தால்தான் எது எதற்கு என்று தெரியும், அதற்கு ஆகிற நேரம் பத்து வினாடி.

முடிவுகளை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் கலைச்சொல் தளமான ஐஏடிஇ. அங்கே 24 ஆட்சி மொழிகள், தமிழுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் ஆங்கில மூலத்தில் ஒரு சட்டச் சொல்லோ மருத்துவச் சொல்லோ என்ன கருத்தைக் குறிக்கிறது என்று உறுதி செய்ய அதைவிட நல்ல இடம் குறைவு. 1999-இல் திட்டமாகத் தொடங்கி, 2004-இல் ஒன்றியத்தின் அமைப்புகளுக்குள் பயன்பாட்டுக்கு வந்து, 2007-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2018-இல் முழுசாகப் புதுப்பித்தார்கள். லக்சம்பர்க்கில் இருக்கிற மொழிபெயர்ப்பு மையம் அதை நிர்வகிக்கிறது. ஒரு சொல்லைத் தேடினால் ஒவ்வொரு பதிவுக்கும் மேலே துறை, பதிவு எண், எந்த அமைப்பு போட்ட பதிவு என்ற குறி. அதன் கீழே மொழிவாரியாகச் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நட்சத்திரங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் யாரும் சரிபார்க்காதது, நான்கு என்றால் மிகவும் நம்பலாம். பதிவைத் திறக்காமலே, பட்டியலிலேயே இது தெரிகிறது. நட்சத்திரம் பதிவுக்கு மொத்தமாகக் கொடுத்தது இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பதிவில் பிரெஞ்சுச் சொல்லுக்கு நான்கும் மால்டீஸ் சொல்லுக்கு இரண்டும் இருக்கலாம்.

சிலர் அங்கே ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் வருவதைப் பார்த்துவிட்டுக் குப்பைத் தளம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 1970-களிலிருந்து வளர்த்த யூரோடிகாட்டம், நாடாளுமன்றத்தின் தொகுப்பு, அமைச்சர் அவையின் தொகுப்பு என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரே இடத்தில் கொட்டித்தான் ஐஏடிஇ பிறந்தது. ஒரே கருத்தை மூன்று அலுவலகங்கள் மூன்று முறை பதிந்திருந்தால் மூன்றும் வந்து சேரும். அவற்றை ஒன்றாக்குகிற வேலை ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியது, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பார்க்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரே மாதிரி இரண்டு பதிவு வந்தால் வரையறையும் சான்றும் இருக்கிறதைத் திறந்து பாருங்கள், வெறும் சொல் மட்டும் தொங்குகிற பதிவை விட்டுவிடுங்கள்.

கனடா அரசின் கலைச்சொல் தளமான டெர்மியம் பிளஸ் இன்னொரு விதத்தில் எனக்குப் பிடித்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் கட்டிய சொல்வங்கியை 1976-இல் கனடா அரசு எடுத்துக்கொண்டது, 2009-இலிருந்து இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். அங்கே ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி இருக்கும். இந்த ஒரு தேதி எவ்வளவு பெரிய உதவி என்பது கணினிச் சொற்களைத் தேடும்போது தெரியும். 1980-களில் போட்ட ஒரு பதிவு ஒழுங்காக, வரையறையோடு, சான்றோடு இருக்கும், ஆனால் அந்தத் தொழில்நுட்பமே இன்று இல்லை. அப்புறம், சொல்லுக்குப் பக்கத்திலேயே இது சரி, இதைத் தவிர்க்கவும் என்று குறி போட்டிருப்பார்கள். தவிர்க்க வேண்டிய சொல்லை நீக்காமல் வைத்திருப்பது ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நீக்கிவிட்டால் அதைத் தேடுகிறவருக்கு எதுவுமே கிடைக்காது, அவர் தானாக அதையே போட்டுவிடுவார். இருந்தால் தேடுகிறவர் அந்தப் பதிவுக்கே வந்து சேருவார், பக்கத்தில் சரியான சொல்லையும் பார்ப்பார்.

இங்கேதான் நம் தினசரி வேலையில் பெரிய ஓட்டை இருக்கிறது. நிறுவனங்கள் நமக்குத் திறந்துவிடுகிற ஆன்லைன் டெர்ம்பேஸ்களில், மல்டிடெர்ம் மாதிரியானவற்றில், இடப்பக்கம் முடிவுப் பட்டியல், வலப்பக்கம் பதிவு என்று திரை பிரிந்திருக்கும். பட்டியலில் வருவது நீங்கள் தட்டிய எழுத்துகளோடு ஒத்துப்போகிற சொற்கள். எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் அந்தப் பட்டியலுக்குத் தெரியும், அந்தச் சொல் அங்கீகரிக்கப்பட்டதா ஒதுக்கப்பட்டதா என்பது வலப்பக்கப் பதிவுக்குள் ஒரு புலத்தில் இருக்கும். அந்தப் புலம் கண்ணில் படுமா என்பது யார் எந்தத் தளவமைப்பைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கொடிப்படமும் சொல்லும் மட்டும் காட்டுகிற தளவமைப்பில் பார்க்க அழகாக இருக்கும், தகுதிநிலை, சான்று, கடைசியாகத் திருத்திய தேதி எதுவும் தெரியாது. எல்லாப் புலங்களையும் காட்டுகிற முழுத் தளவமைப்பு நெரிசலாக இருக்கும், ஆனாலும் அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தளத்தில் தகுதிநிலைப் புலத்தையே மொழிபெயர்ப்பாளர்களின் கணக்குக்கு மறைத்து வைத்திருந்தார்கள். எங்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிற ரிவ்யூவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவர் ஒதுக்கப்பட்ட சொல் என்று திருப்பி அனுப்புவார், எங்கள் திரையில் அது மற்றதைப் போலவே சாதாரணமாக நிற்கும். அந்த ஒரு அனுமதியைத் திறந்துவிடச் சொல்லி அத்தனை மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. திறந்ததும் சண்டை ஓய்ந்தது.

மொழிபெயர்ப்புக் கருவிக்குள்ளேயே டெர்ம்பேஸ் இணைந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். டிராடோஸ் ஸ்டூடியோவில் மூல வாக்கியத்தில் சொல்லுக்கு மேலே சிவப்புக் கோடு வரும், மெமோக்யூவில் நீல நிறம். மெமோக்யூவில் தடை செய்த சொல் முடிவுப் பெட்டியில் கறுப்பாக வரும், இந்த நிற வித்தியாசத்தைக் கவனிக்காமல் அதே சொல்லைச் சொருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னப் பெட்டியில் இடம் குறைவு, வரையறை முழுசாகத் தெரியாது. ஆகவே ஒரு பிராஜெக்டின் முக்கியமான இருபது முப்பது சொற்களையாவது உலாவியில் முழுப் பதிவாகத் திறந்து ஒருமுறை படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்கள். இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, மென்பொருள் செய்கிறவர்களுக்குத் தெரிவதும் இல்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விகுதி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற வேலையில் 'நோயாளிகளுக்கு' என்ற சொல்லை அப்படியே எடுத்துத் தேடினால் பதிவில் 'நோயாளி' என்று இருந்தாலும் வராது. ஏறத்தாழ ஒத்துப்போவதைத் தேடும் வசதியைப் போட்டாலும் பெரும்பாலும் வராது, காரணம் எளிது: கணினி எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையான யுனிகோடின் குறிகளில் எண்ணினால் 'நோயாளி' 6, 'நோயாளிகளுக்கு' 13. பாதிக்கு மேல் வேறு என்று அது தள்ளிவிடும். வேர்ச்சொல்லோடு, அதற்குப் பின்னால் எது வந்தாலும் சரி என்று சொல்கிற நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம், 'நோயாளி*' என்று போட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 'காயம்' போன்ற சொற்கள் 'காயத்தை', 'காயத்தின் மேல்' என்று உருமாறிவிடும், அங்கே 'காய' வரைதான் போட முடியும். போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'மர*' நல்ல உதாரணம். மரபணு, மரணம், மரத்துப்போதல் வருவது சரி. கூடவே மரு, மருந்து, மருத்துவர் எல்லாம் வந்து பட்டியலை நிரப்பும். நம் கண்ணுக்கு 'ர'வும் 'ரு'வும் வேறு எழுத்துகள், கணினிக்கு 'ரு' என்பது 'ர'வுக்குப் பின்னால் ஒரு உகரக் குறி, ஆகவே 'மர' என்று தொடங்குகிறவற்றில் 'மரு'வும் சேர்த்தி. பட்டியல் நீளமாக வந்தால் பயப்பட வேண்டாம், இது எதனால் வருகிறது என்று தெரிந்தால் வேகமாகத் தாண்டிப் போய்விடலாம்.

இதே விகுதிச் சிக்கல் மறுபக்கமும் கடிக்கிறது. பதிவில் 'ரத்தம்', உங்கள் வாக்கியத்தில் 'ரத்தத்தில்'. மொழிபெயர்ப்புக் கருவியின் தரச் சோதனையை ஓட்டினால் அங்கீகரித்த சொல்லைப் பயன்படுத்தவில்லை என்று வரிசையாகக் கொடி போடும். சரியாகப் பயன்படுத்திய இடங்களும் தவறான இடங்களும் ஒரே பட்டியலில் கலந்து வருவதால் உண்மையான தவறு அதில் மறைந்துபோகிறது. பதிவில் 'ரத்தம்' என்பதோடு 'ரத்தத்' என்ற உருவத்தையும் தேடலுக்கு மட்டும் சேர்த்து வைக்கச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள், பல மென்பொருள்களில் இதற்கு இடம் இருக்கிறது.

அடுத்தது வரிசை. மயக்கம், மருந்து, மறதி, மனநோய். தமிழ் அகரவரிசைப்படி இந்த நான்கும் இப்படித்தான் வரவேண்டும், 'ன' கடைசி மெய். யுனிகோட் அட்டவணையில் 'ன' எழுத்தை 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அட்டவணை எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிற மென்பொருளில் மனநோய் மேலே ஏறி மயக்கத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். நீங்கள் அகராதி பார்த்துப் பழகிய கண்ணோடு கீழே கீழே ஸ்க்ரோல் செய்து, இல்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டுவீர்கள். சொல் மேலே இருக்கும். தமிழ் வரிசைக்கான விதிகள் யுனிகோடின் மொழித் தரவுத் தொகுப்பில் தயாராகவே இருக்கின்றன, மென்பொருள்காரர்கள் அதைப் பொருத்தினால் போதும். அதுவரை 'ன', 'ற', 'ழ' உள்ள சொற்களைப் பட்டியலில் கண்ணால் தேடாதீர்கள், தட்டித் தேடுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது: சொல் இருக்கிறது, எழுத்தும் சரி, முடிவு மட்டும் பூஜ்யம். 'கொப்புளம்' என்பதில் இருக்கும் 'கொ'வை இரண்டு விதமாகக் குறியேற்றலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. யுனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம்தான், தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்எஃப்சி என்று ஒரு முறையே இருக்கிறது. அதைச் செய்யாத மென்பொருளில் ஒரு வடிவத்தில் தேடினால் மற்ற வடிவம் கிடைக்காது. 'ஔடதம்' இன்னும் சிக்கல்: பலர் 'ஒ' போட்டு 'ள' போட்டு 'ஒளடதம்' என்று தட்டிவிடுகிறார்கள், இதை என்எஃப்சியும் சரிசெய்யாது, இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். 'ஸ்ரீ'யிலும் இதே கதை, 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம். தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன்னால் டாம், டாப், டிஸ்கி என்று பல குறியேற்றங்களில் இருந்த சொற்பட்டியல்களை மாற்றித்தான் இன்றைய பல டெர்ம்பேஸ்களில் ஏற்றியிருக்கிறார்கள், மாற்றும்போது இந்த மாதிரி பிசகுகள் கூடவே ஏறிவிட்டன. பூஜ்யம் வந்தால் உடனே நம்பாதீர்கள். சொல்லின் நடுவில் பிசகு வர வாய்ப்பில்லாத இரண்டு மூன்று எழுத்தை எடுத்து, இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுத் தேடுங்கள். 'கொப்புளம்' கிடைக்காவிட்டால் '*ப்புள*'. கிடைத்துவிட்டால் பதிவில் இருக்கும் உருவத்தைச் சரிசெய்யச் சொல்லி எழுதிப்போடுங்கள், அடுத்து தேடுகிறவர் தப்பிப்பார்.

வட்டாரக் குறி பற்றியும் சொல்லியாக வேண்டும். 'மருந்தகம்' என்றால் தமிழ்நாட்டில் மருந்து விற்கிற கடை. சிங்கப்பூரில் டாக்டரைப் பார்க்கிற இடம், அரசின் பாலிக்ளினிக்கை அங்கே பலதுறை மருந்தகம் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைக்கு எழுதும்போது மருத்துவமனை என்பதைவிட வைத்தியசாலை இயல்பு. மூன்று நாட்டுக்கும் ஒரே டெர்ம்பேஸை வைத்திருக்கிற நிறுவனங்கள் பல. பதிவில் வட்டாரப் புலம் நிரப்பியிருந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் சிங்கப்பூருக்காகப் போட்ட சொல் மதுரைக்குப் போகும், நோயாளி மருந்துக் கடை வாசலில் போய் நிற்பார். முடிவில் ஒரு சொல்லைப் பார்த்ததும் இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டுக்கொள்வதை நான் எந்த அவசரத்திலும் விடுவதில்லை.

தமிழுக்கு ஐஏடிஇ அளவுக்கு ஒன்று இல்லை என்றாலும் தேட இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் சொற்குவை என்ற கலைச்சொல் தளம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். அங்கே எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு முடிவோடும் அச்சுப் பதிப்பின் பக்க எண் வருவது. சந்தேகம் இருந்தால் பக்கத்தை எடுத்து நேரில் பார்க்கலாம், ரிவ்யூவருக்கும் காட்டலாம். நம் ஊர்ச் சொற்பட்டியல் தளங்கள் எல்லாமே இந்தச் சான்று காட்டும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் போட்டார்கள், எதிலிருந்து எடுத்தார்கள், எப்போது என்று முடிவிலேயே தெரிந்தால் பாதி வாக்குவாதம் எழாது. வாக்குவாதம் எழும்போதும் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பாமல் பதிவு எண்ணையோ இணைப்பையோ அனுப்புங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் உங்கள் ஃபில்டர் வைத்து வடிகட்டியது மட்டும்தான் தெரியும், எதிரில் இருப்பவருக்கு வேறு ஃபில்டர், வேறு தளவமைப்பு, இருவரும் வேறு வேறு திரையைப் பார்த்துக்கொண்டு பேசுவீர்கள்.

எல்லாம் செய்தும் உண்மையிலேயே சொல் இல்லை என்றால், 'முடிவு எதுவும் இல்லை' என்ற திரையை மூடிவிட்டு நாமே ஒன்றைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. பெரும்பாலான தளங்களில் புதுச் சொல் கோரும் வசதி இருக்கிறது, இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் சந்தேகம் கேட்டு அனுப்புகிற கேள்விப் பட்டியலில் எழுதலாம். கோரும்போது மூலச் சொல்லை மட்டும் அனுப்பினால் எங்கே வருகிறது என்று திருப்பிக் கேட்பார்கள், அதிலேயே நாள் போய்விடும். சொல் வருகிற முழு வாக்கியம், எந்த ஆவணம், எந்த நாட்டு வாசகருக்கு, நீங்கள் புரிந்துகொண்ட பொருள் ஒரு வரியில், நீங்கள் பரிந்துரைக்கிற தமிழ்ச் சொல், அதை எங்கே பார்த்தீர்கள் என்பது, இதற்குமுன் எந்தெந்த உருவத்தில் தேடிப் பார்த்தீர்கள் என்பது. இந்தக் கடைசித் தகவலை யாரும் எழுதுவதில்லை, ஆனால் நிர்வாகிக்கு மிகவும் உதவுவது அதுதான். எந்தச் சொல்லைத் தட்டி மக்கள் வருகிறார்கள் என்று அவருக்கு அதில்தான் தெரிகிறது, புதுப் பதிவில் அந்த உருவங்களையும் சேர்த்துவிடுவார்.